இடம் விட்டு எடுத்த படம்

செத்த வீட்டுக்கு வருகிறவனுக்கு இப்போதெல்லாம் கும்பிடக் கை இல்லை. ஒரு கையில் மாலை, மறு கையில் போன். மாலையைப் போட்டுவிட்டு அழ வேண்டிய நேரத்தில் படம் எடுக்கிறான். எடுத்தது சரியாக விழுந்ததா என்று பிணத்தின் கால்மாட்டிலேயே நின்று பார்க்கிறான். சரியில்லை என்றால் இன்னொன்று எடுக்கிறான்.

மாதப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து போய், அப்படி எடுத்துக்கொண்டிருந்த ஒருவனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யாருக்குக் காட்டறதுக்கு?"

"ஸ்டேட்டஸ் போடறதுக்குங்க பெரிப்பா."

"உசுரோட இருக்கறப்ப ஒரு நா வந்து எட்டிப் பாத்தியா நீ? சட்டைப்பைல போடு அதை."

பையன் போட்டுக்கொண்டான். காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் நாற்காலிகள் கிடந்தன. பனி இன்னும் விலகவில்லை. பெஞ்சின் மேல் அவர் மனைவி கண்ணாயி மஞ்சள் பூசிய முகத்தோடு படுத்திருந்தாள். நேற்று மாலை மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜீப் பிடித்தார்கள். சேலம் போய்ச் சேரவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்து, அதே ஜீப்பில் செம்மநத்தத்துக்குத் திரும்ப ஏறினார்கள்.

மாப்பிள்ளை கோகுல் வந்து பக்கத்தில் குனிந்தான்.

"மாமா, பேனர் அடிக்கணுங்க. ஏற்காட்டுல செல்வராஜ் கடையில சொல்லியாச்சு. நல்ல படமா ஒண்ணு அனுப்புனா, அத்தையை எடுக்கறதுக்குள்ள அடிச்சுக் குடுத்துருவாரு. அத்தை படம் இருக்குதுங்களா?"

"எனக்கென்ன தெரியும்?"

"அத்தை போன்ல இருக்கும்ங்க. போன் எங்கீங்க மாமா?"

"தெரியாது."

போன் அவர் வேட்டி மடியில்தான் இருந்தது. ஜீப்பில் கண்ணாயி அதை அவர் கையில் திணித்திருந்தாள். இத்தனை நாளில் அதை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. அப்போதிலிருந்து யாரிடமும் கொடுக்கவில்லை. அதற்குள் ஒருவன் இருந்தான்.

அவனை அவர் பார்த்ததில்லை. குரல்தான். ராத்திரிச் சோறு ஆனதும் கண்ணாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுவாள். குரல் வரும். "வாங்கக்கா, வாங்கண்ணா. அவசரமே இல்ல. இன்னைக்கு ஒரு ஆளை மட்டும் வெட்டி எடுக்கப் போறோம்." முதல் நாள் அதைக் கேட்டதும் மாதப்பன் திடுக்கிட்டு எழுந்து வந்துவிட்டார். ஆளை வெட்டுவதில்லை, படத்தில் இருக்கிற ஆளைச் சுற்றி வெட்டி எடுத்து வேறு படத்தில் வைப்பது என்று கண்ணாயி சொன்னாள்.

"உனக்கெதுக்கு இந்த வேலை? நீ ஸ்டூடியோ வெக்கப் போறியா?"

"சும்மாங்க. கத்துக்கலாம்னு."

சும்மா என்றாள். ஆனால் அதற்காக அவள் அலைந்தது கொஞ்சமா? மகள் வெண்ணிலா தன் பழைய போனைக் கொடுத்ததிலிருந்து தொடங்கியது. பஜாரில் ஸ்டூடியோக்காரனிடம் போய்க் கேட்டாள். "இது கம்ப்யூட்டர் வேலைங்கம்மா, உங்களுக்கு ஆவாது" என்றான். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் போனாள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்; திரும்பி வந்தாள். பிறகு போனிலேயே தேடினாள். ஒருவன் இந்தியில் பேசினான். ஒருவன் இவள் கண்ணாடி போடுவதற்குள் இதைத் தொடு, அதைத் தொடு என்று முடித்துவிட்டுப் போனான். இன்னொருவன் டமடமவென்று பாட்டைப் போட்டு, செய்து முடித்ததை மட்டும் காட்டினான். "சமையலைக் காட்டாம எலையக் காட்டறானுங்க" என்று அவனைத் திட்டினாள். பாதி சொல்லிக்கொடுத்துவிட்டு மீதிக்குப் பணம் கட்டச் சொன்னான் ஒருவன். மாதப்பனுக்கு உள்ளுக்குள் திருப்தி. இத்தோடு விடுவாள் என்று இருந்தார்.

அப்புறம்தான் இவன் கிடைத்தான்.

இவன் எழுத்தைச் சொல்லமாட்டான், படத்தைச் சொல்வான். "கீழ, இடப்பக்கம், கத்திரிக்கோல் மாதிரி ஒண்ணு தெரியும் பாருங்க. இங்கன தொடுங்க." சொல்லிவிட்டுச் சும்மா இருப்பான். "கண்டுபிடிச்சிட்டீங்களா? பொறுமையாத் தேடுங்க. நான் இருக்கேன்."

நான் இருக்கேன். என் பெண்டாட்டியிடம் நான் இருக்கேன் என்று சொல்ல இவன் எவன்?

கண்ணாயி அதற்குப் பதிலும் சொல்வாள். "ஆச்சுங்க சார்."

"நீ சொல்றது அவனுக்குக் கேக்குமா?" என்றார் மாதப்பன் ஒரு நாள்.

"கேக்காதுங்க."

"அப்பறம் எதுக்குச் சொல்றே?"

"அவரு கேட்டாருல்லீங்க."

இன்னொரு நாள் களி தின்றுகொண்டிருந்தபோது உப்பு எங்கே என்றார். "அங்கன இருக்குது பாருங்க" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. அங்கன. கொட்டச்சேட்டில் பிறந்து செம்மநத்தத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அங்கன ஏது? அது அந்தப் போன்காரன் பேச்சு. மாதப்பன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஏன் எழுந்தார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. உப்பு இல்லாத கோபமாக்கும் என்று நினைத்திருப்பாள்.

மடியில் போன் அதிர்ந்தது.

மாதப்பன் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். எடுத்துப் பார்த்தார். எழுத்துக் கூட்டினார். அருள்சாமி. பச்சையை இழுக்க வேண்டும் என்று தெரியும். அவள் இழுப்பதைப் பார்த்திருக்கிறார்.

"ஹலோ? வெண்ணிலாம்மாவா? நான் அருள்சாமி பேசுதேன். நம்ம பாட குரூப்ல இப்பத்தான் பார்த்தேன். அக்கா இப்படி திடீர்னு..."

அதே குரல். சாவுக்கும் அவசரமில்லாமல் பேசியது.

"நான் அவ ஊட்டுக்காரன்."

"ஐயா... வணக்கம்ங்கய்யா. எனக்கு என்ன சொல்றதுன்னே..."

"உனக்கும் அவளுக்கும் என்ன பேச்சு?"



"பாடத்துல சந்தேகம் கேப்பாங்க ஐயா. வேற ஒண்ணும் இல்ல. ரொம்ப மரியாதையானவங்க."

"அவ மரியாதைய நீ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

"இல்லங்கய்யா. பேனருக்குப் படம் வேணும்னு வெண்ணிலா தங்கச்சி போட்டிருந்தாங்க. நான் செஞ்சு தாரேன். அந்த ரெண்டு பேரு நிக்கிற படத்துல அக்கா முகம் நல்லா தெளிவா இருக்கும். பக்கத்துல நிக்கிறவங்களை மட்டும் எடுத்துட்டு..."

"எந்த ரெண்டு பேரு?"

"அதாங்கய்யா, அக்கா ஜோடியா நிக்கிற..."

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் மாதப்பனும் கண்ணாயியும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டது கிடையாது. கல்யாணத்தின்போதும் ஊரில் யாரிடமும் கேமரா இல்லை. அப்புறம் யாருக்கும் தோன்றவில்லை.

"எம் பொண்டாட்டி படத்துல நீ கை வெக்கக் கூடாது" என்றார்.

"சரிங்கய்யா. எதுன்னாலும் சொல்லுங்க, நான் இருக்கேன்."

"நீ இருப்பே. இருக்கவேண்டியவதான் போயிட்டா."

போனை எப்படி அணைப்பது என்று தெரியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு களத்துக்கு வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வெண்ணிலாவின் தோளைத் தட்டினார்.

"எந்திரிச்சு உள்ளார வா."

உள்ளே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். போனை நீட்டினார். அது எங்கிருந்தது என்று அவள் கேட்கவில்லை.

"உங்கம்மா எவன்கூடவோ ஜோடியா நின்னு படம் எடுத்திருக்கறாளாம். அதைக் காட்டு."

"என்னங்கப்பா பேசறீங்க? அம்மா வெளிய கெடக்கறாங்க."

"அந்த வாத்தியான் சொல்றான். அவன் பாத்திருக்கறான், நான் பாக்கல. காட்டு, சாமி."

வெண்ணிலா மூக்கைத் துடைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். நிறுத்தினாள். அவர் கையில் கொடுத்தாள்.

கல்யாண மேடை. வாழைமரம், சரவிளக்கு. கண்ணாயி மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் சந்தன நிறப் பட்டுச் சட்டை போட்ட ஒரு ஆள். தலை லேசாக அவள் பக்கம் சாய்ந்திருந்தது. மனைவியிடம் நொம்பப் பிரியமான ஆள் போல.

மாதப்பன் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதாங்கப்பா."

"நான் நிக்கலியே."

"நிக்கல. அம்மா நிறுத்துனாங்க."

வெண்ணிலாவின் கல்யாணம் சேலத்தில் மண்டபத்தில் நடந்தது. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, பெண்ணைப் பெற்ற மாதப்பனை அடுத்த பந்திக்கு நிற்கச் சொன்னார்கள். ஆள் தெரியாமல் சொன்னார்களோ, தெரிந்து சொன்னார்களோ. மாதப்பன் அவர்கள் எடுத்துக் கொடுத்த பட்டுச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு வெளியே போய் எதிரில் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கிறவரை வரவில்லை.

"படம் எடுக்கறவரு காத்துட்டு நின்னாரு" என்றாள் வெண்ணிலா. "உங்களைக் கூப்புட ஆள் மேல ஆள் உட்டாங்க அம்மா. நீங்க வரல. படக்காரரு, நீங்க மட்டும் நில்லுங்கம்மான்னாரு. அம்மா மேடையில ஓரமா நின்னுட்டு, பக்கத்துல எடம் உட்டு எடுங்க, அவங்க பொறவு வந்து நிப்பாங்க, ரெண்டையும் சேத்துக்கலாம்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. வயல்ல வரப்புக்கு உடற மாதிரி எடம் உடச் சொல்றாங்களேன்னு எங்க மாமியாகூடச் சிரிச்சாங்க."

மாதப்பன் படத்தில் இருந்த அந்தப் பட்டுச் சட்டையின் மேல் விரலை வைத்தார்.

"ஆல்பத்துல அம்மா தனியா ஒரு ஓரமா நிப்பாங்க, பக்கத்துல காலியா இருக்கும். நீங்க ஆல்பத்தையே பாத்ததில்ல. ஸ்டூடியோல ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டாங்க. வெளிச்சம் சேராது, முடியாதுன்னுட்டாங்க. அதுக்குத்தான் கத்துக்கிட்டாங்க."

"இந்த மூஞ்சி எங்க புடிச்சா?"

"நீங்க பலாப்பழம் தூக்கிட்டு வந்தப்ப நான் எடுத்தது."

மாதப்பனுக்கு அந்தப் பழம் நினைவிருந்தது. மேட்டுமரத்துப் பழம். இடது தோளில் வைத்து ஏறி வந்ததில் கழுத்து மறுபக்கம் ஒடிந்துவிடும் போல இருந்தது. வெண்ணிலா போனோடு எதிரில் வந்து நின்றபோது, வழியை விடு என்று திட்டினார். அந்தக் கழுத்துத்தான் இது. கண்ணாயி பழத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சரவிளக்கை வைத்துவிட்டாள். கழுத்து மட்டும் சாய்ந்தபடி இருக்கிறது.

"சட்டை?"

"சட்டை உங்களுதுதான், பொட்டிக்குள்ள இருக்குதே அது. அம்மா அதை அவருக்குப் போட்டு நிக்கவெச்சு எடுத்தாங்க."

"மாப்பிள்ளைக்கா?"

"ம். ஒடம்பு அவருது, தலை உங்களுது." அழுத மூக்கோடு அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அருள்சாமி சாரு சிரிக்க வெச்சுத் தர்றேன்னாருப்பா. ஒரு பொத்தான அமுக்குனாப் போதுமாம். அம்மா வேண்டாம்னுட்டாங்க. சிரிச்சா வேற ஆளாப் போயிருவாங்க சார், உட்டுருங்கன்னாங்களாம்."

மாதப்பன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்காத மூஞ்சி, சாய்ந்த கழுத்து, இன்னொருவன் உடம்பு.

"எங்கிட்டக் காட்டலியே அவ."

"காட்டுனாத் திட்டுவீங்கன்னு."

"அவங்கிட்டக் காட்டியிருக்கறாளே."

"அப்பா, அவரு சொல்லிக் குடுக்கறவரு."

"அவன் எல்லாத்தையும் முன்னாடியே பாத்துட்டான். என்ற மூஞ்சிய எனக்கு முன்ன அவன் பாத்திருக்கறான்."

கோகுல் வாசலில் தலையை நீட்டினான். படம் கிடைத்ததா என்றான். வெண்ணிலா அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போனார். அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெண்ணிலா அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் செல்வராஜ் கோகுலைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனில் சத்தம் வந்தது.

"அம்மாவைத் தனியா எடுத்துட்டேனுங்க. ஆனா பக்கத்துல இருக்கறவரு தோளு அம்மா மேல கொஞ்சம் ஏறி நிக்குது. அதை அழிச்சுட்டு அங்க புடவை மாதிரி வரைஞ்சு உட்டர்றேன். தெரியவே தெரியாது."

"சரிங்க, அழிச்சு..." என்று கோகுல் தொடங்குவதற்குள் மாதப்பன் அவன் கையோடு போனைப் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தார்.

"அழிக்காத."

"யாருங்க?"

"யாரோ. தோளு இருக்கட்டும்."

"பெரியவரே, பாக்கறதுக்கு நல்லா இருக்காதுங்க. ஒத்தைத் தோளு மட்டும் வெட்டிப்போட்ட மாதிரி நிக்கும்."

"நிக்கட்டும். அவ வெச்சதை எவனும் எடுக்கக் கூடாது. நீயும் கூடாது, அவனும் கூடாது."

"எவனுங்க?" என்றார் செல்வராஜ். மாதப்பன் போனை விட்டுவிட்டார். கோகுல் அவர் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "அப்பிடியே அடிச்சுருங்கண்ணா" என்றான்.

பேனர் மதியத்துக்கு முன்பே வந்தது. ரோடு திரும்புகிற இடத்தில், சில்வர் ஓக் மரம் இரண்டுக்கு நடுவில் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி. கண்ணாயி ஆள் உயரத்துக்கு நின்றாள். கல்யாணத்தன்று எல்லோரும் சிரித்தபோது தானும் சேர்ந்து சிரித்தவள் போலத்தான் இருந்தாள். அவள் கைப்பக்கம் சந்தன நிறத்தில் ஒரு தோள் துண்டு. அதற்கு மேல் தலை இல்லை, கீழே கை இல்லை.

பிறந்த வீட்டுக் கோடி போட்டு, குளிப்பாட்டி, பாடையில் வைத்தார்கள். வெண்ணிலா ரோட்டுத் திருப்பம் வரைக்கும் வந்து விழுந்து அழுதாள். பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி பேனரை அண்ணாந்து பார்த்தாள். சாவிலும் கேட்காமல் இருக்கமாட்டாள் அவள்.

"ஏனுங்ண்ணா, அது யாரு தோளுங்க?"

மாதப்பன் நின்றார். பேனரைப் பார்த்தார். பாடைக்கு முன்னால் நெருப்புச்சட்டியைத் தூக்கிப் போகிற கோகுலின் முதுகைப் பார்த்தார்.

"என்ற தோளு இல்ல" என்றார். "எனக்கு ஏது பட்டுச் சட்டை?"

"பின்ன எதுக்கு அதைப் போட்டிருக்கறாங்க?"

"அவளைத்தான் கேக்கணும். போ, போயி ஊட்டுல சாணி தெளி."

காட்டில் குழி தயாராக இருந்தது. ஆண் பிள்ளை இல்லாததால் நீர்க்குடம் எடுக்கப் புருஷனைத்தான் கூப்பிட்டார்கள். புது மண்பானையில் தண்ணீர் நிரப்பி அவர் இடது தோளில் ஏற்றினார்கள். பானை கனத்தது. கழுத்து தானாக மறுபக்கம் சாய்ந்தது. அப்படியே சுற்றினார். பின்னால் வந்தவர் பானையில் அரிவாளால் கொத்தி ஓட்டை போட, தண்ணீர் முதுகில் வழிந்து வேட்டியை நனைத்தது. கோகுல் எதிரில் நின்றிருந்தான். அவரையே பார்த்துக்கொண்டிருந்தவன், சட்டென்று முகத்தைத் திருப்பி ஆரஞ்சு மரங்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

"பின்னால போட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார்கள்.

பானை உடைந்த சத்தம் கேட்டது. மாதப்பன் நடந்தார். கோகுல் ஓடிவந்து சேர்ந்துகொண்டான். அவருடைய ஒரு தோள் நனைந்திருந்தது, மறு தோள் காய்ந்திருந்தது.

"அந்த அருள்சாமி வந்தானா?" என்றார்.

"இல்லீங்க மாமா. அவரு எங்கியோ கன்னியாகுமரிப் பக்கங்க."

"வந்திருக்கணுமா இல்லியா? அத்தினி நாளு அக்கா, அக்கான்னான்."

"அவ்வளவு தூரத்துலிருந்து எப்படிங்க..."

"நான் இருக்கேன்னான். போன்ல யாரு வேணும்னாலும் இருக்கலாம்."

கொஞ்ச தூரம் காப்பிச் செடிகளின் நடுவே நடந்தார்கள்.

"ஆள் உட்டாளாம்" என்றார் மாதப்பன். "ஆளு எதுக்கு உடறா? ரோட்டைத் தாண்டி அவ வந்து கூப்புட்டிருந்தா நான் வந்து நின்னிருக்கமாட்டேனா? அதை உட்டுட்டு எவனோ ஒருத்தங்கிட்டப் படிச்சாளாம்."

"வந்திருப்பீங்களா மாமா?"

மாதப்பன் காதில் விழாதவர் போல வேகமாக நடந்தார். ரோட்டுத் திருப்பத்தில் பேனர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கட்டு ஒரு பக்கம் தளர்ந்து, அந்தத் தோள் இருந்த மூலை மடிந்து கண்ணாயியின் மேல் விழுந்து கிடந்தது. அவர் நின்று அந்த மூலையை இழுத்து, மரத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். கட்டத் தெரியாத பயல்கள் என்று முணுமுணுத்துவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே மேட்டில் ஏறிப் போனார்.